அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்

கல்முனைக்குடி: புழங்குபொருள் வரலாறு – 17

அஸர் தொழுகை முடிந்து சனம் வீதிக்கு இறங்கும் நேரம். பள்ளி ஒலிபெருக்கி ஒருமுறை கரகரக்கும். பிறகு மோதினாரின் குரல் வரும். "அன்பான ஜமாஅத்தாருக்கு ஓர் அறிவித்தல். கடற்கரைப்பள்ளி வீதியில் திறப்புக் கோர்வை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் பள்ளிக் காரியாலயத்துக்கு வந்து, தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்." இரண்டு தடவை சொல்வார், அத்தோடு சரி. கோர்வையில் எத்தனை திறப்பு, பித்தளையா இரும்பா, எந்த நிற நாடாவில் கோத்திருக்கிறது, எதுவும் வாயில் வராது.

சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. நாடா சிவப்பு என்று ஒரு சொல் சொன்னால் உரியவர் உடனே ஓடி வந்துவிடுவாரே என்று வாப்பாவிடம் கேட்டேன். "உரியவனுக்கும் தெரியும் மகன், உரிமையில்லாதவனுக்கும் தெரிஞ்சிரும்" என்றார். இந்த வாரக் கதை முழுவதும் அந்தப் பதிலைச் சுற்றித்தான் வரப்போகிறது.

சென்ற வாரம் பெட்டகத்தையும் அதன் பூட்டையும் பார்த்தோம். பூட்டு கள்வனுக்காக. தொலைப்பதற்குக் கள்வன் தேவையில்லை. நம் கையும் நம் மறதியும் போதும். ஆகவே பொருள் தொலையாமல் இருக்கவும், தொலைந்தால் திரும்பி வரவும் நம் ஊரார் செய்துகொண்ட ஏற்பாடுகள் பூட்டு வரலாற்றிலிருந்து வேறானவை. அவற்றை யாரும் கருவி என்று எண்ணியதுகூட இல்லை.

முதலில் மடி. சாரத்தை உடுத்து மேல் விளிம்பைச் சுருட்டிச் செருகும்போது இடுப்பில் உண்டாகும் அந்த மடிப்புக்குள் காசு, வெற்றிலைத் துண்டு, தீப்பெட்டி எல்லாம் அடங்கும். வீட்டு வாசலில் இருக்கிற மனிதனுக்கு அது போதும். வட்டையில் நாற்று முடியைத் தூக்கக் குனிபவருக்கும் கரைவலை இழுப்பவருக்கும் போதாது. அதற்காக வந்தது அகலப் பெல்ட். தோலில், முன்பக்கம் இரண்டோ மூன்றோ பை வைத்து, பொத்தான் பூட்டியது. நெல் வியாபாரியையும் மாட்டு வியாபாரியையும் சாரத்துக்கு மேலே அந்தப் பெல்ட்டை வைத்தே அடையாளம் காணலாம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனார்கள். ஆண்களின் இஹ்ராம் உடையில் தையல் கூடாது, ஆகவே சட்டைப் பையும் கிடையாது. காசுப் பட்டியை இடுப்பில் கட்டலாமா என்ற கேள்வியைப் பழைய சட்ட நூல்களே எடுத்துப் பேசி, கட்டலாம் என்று இடம் கொடுத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஹாஜியும் காசு தொலைந்துவிடுமோ என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் தவாபு சுற்றியிருக்கிறார்.

பெண்களுக்குக் கொட்டப்பெட்டி. பனையோலையில் இழைத்து, ஒரு பாகம் மறு பாகத்துக்குள் செருகிக்கொள்ளும் சின்னப் பை. அது இடுப்பில் இருக்கும். திறப்பு மட்டும் அதற்குள் போகாது. திறப்பின் இடம் முந்தானை.

என் உம்மம்மாவின் முந்தானையை இப்போதும் கண்ணால் காண்கிறேன். பெட்டகத் திறப்பு, அறைத் திறப்பு, நெல் வைத்த அறையின் திறப்பு ஆக மூன்று. மூன்றையும் முந்தானை மூலையில் வைத்து உருட்டி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு முடிச்சுப் போட்டுத் தோளுக்குப் பின்னால் விட்டுக்கொள்வா. அவ நடந்தால் முதுகில் மெல்ல ஒரு தட்டு விழும். தட்டு விழாவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நின்று கையைப் பின்னால் விடுவா. பாரம் இல்லாமற்போனால் உடம்பே சொல்லிவிடும் ஏற்பாடு அது. முடிச்சு இறுகிவிட்டால் பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பா. அதனால் அவவின் சீலைகள் எல்லாம் அந்த மூலையில்தான் முதலில் கிழியும். கிழிந்த மூலைக்கு ஒட்டுப் போட்டு, ஒட்டிலேயே மறுபடியும் முடிச்சு விழும்.

பிறகு ஊக்கு, அதாவது சேப்டி பின், வந்தது. அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் 15 டொலர் கடனை அடைக்க வழி தேடிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தது என்று சொல்வார்கள். 1849 ஏப்ரல் 10ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது, அதை அவர் 400 டொலருக்கு விற்றுவிட்டார். நம் உம்மாமாருக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் திறப்பைச் சட்டைக்கு உள்ளே ஊக்கால் குத்திக்கொள்ளலாம், சீலை கிழியாது என்பதை ஒருவர் கண்டுபிடிக்க, மறுமாதமே தெருவெல்லாம் அப்படித்தான் செய்தது.

மடியிலும் முந்தானையிலும் அடங்காத சொத்து ஒன்று இருந்தது: மாடு. அந்தக் காலத்தில் அம்பாறைக் கரையில் ஒருவரின் செல்வத்தை மாட்டுப் பட்டியை வைத்துத்தான் அளந்தார்கள். வேளாண்மைக் காலத்தில் பயிருக்குள் விடக்கூடாது என்று பட்டிகளைத் தூரத்து மேய்ச்சலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பல ஊர் மாடுகள் கலக்கும். கலந்த மாட்டைப் பிரிக்க ஒரே வழி குறிசுடுதல். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தொடையில் இழுப்பார்கள்.

அந்தக் குறியில்தான் நம் சமூகத்தின் அமைப்பே எழுதப்பட்டிருந்தது. கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ளது தாய்வழிக் குடி முறை. பிள்ளைக்கு உம்மாவின் குடிதான் குடி. பள்ளி மரைக்கார்மாரைக் குடிக்கொருவராக எடுத்த வழக்கமும் அதிலிருந்து வந்ததே. குடிக்கென்று மாட்டுக் குறி இருந்தது. அதோடு சொந்தக்காரரின் பெயரெழுத்தும் சேரும். வழி தவறிய மாடு ஒன்று எங்கோ ஒரு வட்டைக்குள் இறங்கினால், அந்த ஊர்ப் பட்டிக்காரர் தொடையைப் பார்த்து இன்ன குடியாருடைய மாடு என்று அறிந்து ஆள் அனுப்புவார். அவருக்குச் சொந்தக்காரரின் முகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, குறி தெரிந்தால் போதும். பின்னாளில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுவதையும் மாடு கைமாறும்போது சீட்டு எழுதுவதையும் அரசாங்கக் காரியமாக்கியது. இன்றைக்கு மாட்டின் காதில் இலக்கமிட்ட பிளாஸ்டிக் தகடு தொங்குகிறது. மாட்டுக்கு வேதனை குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இலக்கத்தைக் கண்டு யாருடைய மாடு என்று பட்டிக்காரரால் சொல்ல முடியாது. புத்தகத்தைப் பார்க்க வேண்டும், அல்லது காரியாலயத்தைக் கேட்க வேண்டும்.

குறி வைக்கும் பழக்கம் வீட்டுக்குள்ளும் உண்டு. கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் சஹன், கிடாரம், அகப்பை எல்லாம் வீடு வீடாக இரவல் போகும். திரும்பி வரும்போது மாறிவிடக் கூடாதே என்று அடியில் எனமல் பெயின்ற்றால் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஓர் எழுத்து. எங்கள் வீட்டுச் சஹன்களின் அடியில் நீலப் புள்ளி இரண்டு இருக்கும். அடுத்த வீட்டு மாமிக்கு நீலக் கோடு. கலியாணம் முடிந்த மறுநாள் காலை சஹன்களைக் கவிழ்த்துப் போட்டுப் பெண்கள் பிரித்துக்கொள்வதைப் பார்த்தால் மேய்ச்சலில் பட்டி பிரிப்பது போலவே இருக்கும். சலவைக்குப் போகும் துணிக்குச் சேங்கொட்டைச் சாற்றால் குறி வைப்பது தென்னாசியா முழுவதும் இருந்த முறை. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அந்தக் கறுப்புப் போகாது.

ஆனால் மேலேயே தெரியும் குறிக்கு ஒரு குறை உண்டு. பார்க்கிற எவரும் அதைப் படித்துவிடலாம், படித்ததைத் தனதென்றும் சொல்லலாம். இதைப் பற்றி மார்க்கம் மிக ஆழமாகப் பேசியிருக்கிறது. கண்டெடுத்த பொருளின் சட்டத்துக்கு 'லுகதா' என்று பெயர். ஸைத் பின் காலித் அல்ஜுஹனீ (றழி) வழியாக வரும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. வழியில் கிடந்த பொருளை என்ன செய்வது என்று ஒருவர் வந்து கேட்கிறார். அது இருக்கும் பையையும், பையின் வாயைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும்படியும், பிறகு ஓராண்டு அறிவிக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொல்கிறார்கள். பையும் கயிறும்! உள்ளே இருக்கும் பொன்னின் பெறுமதியைவிட முடிச்சின் விதத்தைப் பார்த்து வைக்கச் சொன்னதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது. பொன் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும். முடிச்சு கட்டியவருக்கு மட்டும் தெரியும். உம்மம்மாவின் இரட்டை முடிச்சை வேறு யார் சொல்ல முடியும்?

அதே ஹதீஸில் வழி தவறிய ஆட்டையும் ஒட்டகத்தையும் பற்றிக் கேட்கிறார்கள். ஆட்டை எடுத்துக் காப்பாற்றலாம், விட்டால் ஓநாய்க்கு இரையாகிவிடும். ஒட்டகத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்குக் காலும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, உரியவர் வந்து சேரும்வரை தானே சமாளித்துக்கொள்ளும். எல்லாப் பொருளையும் எடுத்துப் பத்திரப்படுத்துவதுதான் நல்ல காரியம் என்று நினைக்கிற நமக்கு இது நின்று யோசிக்க வேண்டிய இடம்.

எங்கே அறிவிப்பது என்பதற்கும் சட்டம் உண்டு. பள்ளிக்குள் நின்று தொலைந்த பொருளைக் கூவித் தேடுவதற்குக் கண்டிப்பான தடை வந்திருக்கிறது. பள்ளி தொழுகைக்குரிய இடம். ஆகவே சந்தையிலும் பள்ளி வாசற்படியிலும், சனம் வெளியே வரும் நேரம் பார்த்து அறிவிக்க வேண்டும் என்றார்கள் சட்ட அறிஞர்கள். நம்மூரில் தொழுகை முடிந்து சனம் கலையும் வேளையில் அறிவித்தல் வருவதற்கு இதுதான் காரணம். எங்கள் பகுதிப் பள்ளியில் அறிவித்தலுக்கான ஒலிவாங்கியைக் காரியாலய அறையில் வைத்திருந்ததும் இதை எண்ணித்தான் என்று பழைய மரைக்கார் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் பன்னிரண்டு நாளும் இந்த ஒலிபெருக்கிக்கு ஓய்வே இருக்காது. இரண்டு நூற்றாண்டாக நடந்துவரும் விழா. வண்டி வண்டியாகச் சனம், மிட்டாய்க் கடை, வளையல் கடை, கடல்மணல். மணலில் விழுந்த பொருள் சத்தம் போடாது. செருப்பு, கொலுசு, மணிக்கூடு, லேஞ்சியில் முடிந்த காசு, கடைசியில் பிள்ளை என்று அறிவித்தல்கள் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்கு மட்டும் அடையாளத்தை முழுதாகச் சொல்வார்கள்: என்ன நிறச் சட்டை, பெயர் என்ன சொல்கிறது, எந்தப் பல் விழுந்திருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது சட்டம் அப்படித்தான் இளக வேண்டும்.

2007 நவம்பர் 9ஆம் திகதி வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளுக்கு நாடு தழுவிய கட்டுப்பாடு விதித்தது; இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் பாவிப்பது நின்றது. நோயாளியும் பரீட்சைப் பிள்ளையும் உள்ள ஊரில் அது நியாயமானதே. ஆனால் அதன் பிறகு பகலிலும் அறிவித்தல்கள் ஒதுங்கிக் கைபேசிக் குழுமங்களுக்குள் போகத் தொடங்கின. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் கடதாசிகளின் காலம் ஒன்று வந்தது. நம்மைப் போல் கடதாசியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிந்த சனம் குறைவு.

ஆட்பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கம். அதன்படி 1972இலிருந்து அடையாள அட்டை கொடுத்தார்கள். யுத்த காலத்தில் அது வெறும் அட்டையாக இருக்கவில்லை. கல்முனையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறினால் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். ஒருமுறை நான் பஸ்ஸில் அட்டையைத் தவறவிட்டேன். பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகர் கடிதம், பிறகு காத்திருப்பு. அட்டை வரும்வரை இரண்டு மாதம் ஊரின் எல்லையைத் தாண்டவில்லை. உம்மா உடனே ஒரு பொலித்தீன் உறையில் வாசல் வைத்துத் தைத்து, கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டா. "தாயத்துப் போல கிடக்கட்டும் மகன்" என்றா. அந்தக் காலத்து ஆண்பிள்ளைகள் பலரின் சட்டைக்குள் அப்படி ஓர் உறை தொங்கியது.

இன்னொரு கடதாசி காணி உறுதி. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. சீதனமாக உறுதி மகளின் பெயருக்குப் போகும். உறுதியைப் பெட்டகத்தின் அடியில், துணியில் சுற்றி வைப்பார்கள். உறுதியை எழுதுகிற முறையிலேயே தொலைவுக்கு ஒரு மாற்று இருந்ததைப் பலர் அறியவில்லை. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுமார் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு ஒரே உறுதியை மூன்றாக எழுத வேண்டும். ஒன்று உரியவர் கைக்கு, ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று காணிப் பதிவகத்துக்கு. கடல் வந்து ஒன்றைக் கொண்டுபோனாலும் மற்ற இரண்டு இருக்கும்.

கடல் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரத் தெருக்கள் வரிசையாகத் துடைக்கப்பட்டன. பொருள் தொலைந்ததைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு கிழமைக்குப் பிறகுதான் தேவைகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. மரணப் பதிவுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். நிவாரணத்துக்கு அடையாள அட்டை வேண்டும். வீடு கட்ட உறுதி வேண்டும். எல்லாம் சேற்றுக்குள். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதியவும் வழி செய்தது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கப் பெண்கள் வரிசையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. முந்தானையில் திறப்பு முடிந்திருந்த ஒருத்தி அந்த வரிசையில் நின்றா. வீடு இல்லை, கதவு இல்லை, பெட்டகம் இல்லை. திறப்பு மட்டும் முடிச்சில் இருந்தது. அது எதைத் திறக்கும் என்று ஒருவரும் அவவிடம் கேட்கவில்லை.

அதிலிருந்து நம் வீடுகளில் ஒரு புதுப் பொருள் பிறந்தது: கதவோரப் பை. உறுதி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்பு விவாகச் சான்றுகள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கொஞ்சம் காசு, நகை. எல்லாம் பொலித்தீனில் சுற்றி ஒரு பைக்குள் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பூமி அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது, கடற்கரை வீதியிலிருந்து மேற்கே ஓடிய சனத்தின் ஒரு கையில் பிள்ளை இருந்தது, மறு கையில் அந்தப் பை. நல்லவேளை, அன்று கடல் வரவில்லை. பை மட்டும் திரும்ப ஆணிக்குப் போனது, இன்றும் பல வீடுகளில் தொங்குகிறது. இந்தத் தொடரில் நான் எழுதிய பொருள்களில் என் மனதைப் பிசைவது இதுதான்.

இனி மின்சாரம் ஏறிய கருவிகளுக்கு வருவோம்.

எண்பதுகளில் சவூதியிலிருந்து வந்த சாச்சா ஒரு திறப்புக் கோர்வைக் கருவி கொண்டுவந்தார். சீட்டி அடித்தால் கீக் கீக்கென்று கத்தும். திறப்பை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதில்லை. தெருப்பிள்ளைகள் எல்லோரும் வந்து சீட்டி அடித்துப் பார்த்தோம். ஆனால் அதற்கு மனிதக் குரல்களைப் பிரித்தறியத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் மாப்பிள்ளை வந்திறங்கிப் பெண்கள் குரவை இட்டபோது, சாச்சாவின் சட்டைப் பைக்குள்ளிருந்து அதுவும் சேர்ந்து கத்தியது. பற்றரியைக் கழற்றிவிட்டார்.

அதே வளைகுடாப் பயணங்கள்தான் பெட்டிகளுக்கும் குறி வைக்கப் பழக்கின. அட்டைப்பெட்டியில் கயிறு வரிந்து, மார்க்கர் பேனாவால் நான்கு பக்கமும் பெயரும் ஊரும். பழைய சாரத்தைக் கிழித்துப் பிடியில் ஒரு முடிச்சு. விமானக் கம்பனிகள் ஒட்டுகிற துண்டும் இந்த முடிச்சின் உறவுதான். கனடாவின் மொங்டன் நகரத்து ஜோன் மைக்கல் லயன்ஸ் என்பவர் 1882இல் புகையிரதப் பொதிகளுக்காகப் பிரித்தெடுக்கும் துண்டுச் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே இலக்கத்தின் ஒரு பாதி பொதியில், மறு பாதி பயணியின் கையில். இரண்டும் பொருந்தினால் பொதி உன்னுடையது.

புளூடூத் நம் கைபேசிக்குள் வந்து, 2010இல் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் அதன் புதிய வடிவமும் வந்த பிறகுதான் நாணயம் அளவுத் தகடு ஒன்று திறப்போடு தொங்க முடிந்தது. 2013இல் டைல் என்ற கம்பனி செய்யாத பொருளுக்கு முன்பதிவு கேட்க, 26 இலட்சம் டொலர் வரை சேர்ந்தது. உலகத்தில் எவ்வளவு பேர் திறப்புத் தேடிக் களைத்திருந்தார்கள் என்பதற்கு இந்தத் தொகையே சாட்சி. 2021 ஜனவரியில் சாம்சுங், ஏப்ரலில் ஆப்பிளின் எயார்டாக். பற்றரியோடு 11 கிராம். விலை 29 டொலர். மணிக்கூட்டுப் பற்றரி போன்ற ஒரு வட்டப் பற்றரியில் ஒரு வருடம் ஓடும்.

இதற்குள் தன் இடத்தை அறியும் செய்மதிக் கருவி எதுவும் இல்லை. தான் எங்கே கிடக்கிறோம் என்று அதற்கே தெரியாது. சில விநாடிக்கொரு முறை மெல்லிய வானொலிச் சைகை ஒன்றை விட்டுக்கொண்டு கிடக்கும். அந்த வழியால் போகிற யாரோ ஒருவரின் கைபேசி அதைக் கேட்கும். தான் நிற்கும் இடத்தை மறையெழுத்தாக்கி அனுப்பும். போகிறவருக்கு இது தெரியாது. மறையெழுத்தை வைத்திருக்கும் கம்பனிக்கும் அதைப் படிக்க முடியாது. படிக்கும் திறப்பு உரியவரின் கைபேசியில் மட்டும் இருக்கிறது. சைகையில் உள்ள அடையாளமும் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பதால் வேறொருவர் அதைப் பின்தொடரவும் கஷ்டம்.

இதைப் படித்து விளங்கிய அன்று நான் அப்படியே எழுந்து உட்கார்ந்தேன். மோதினாரின் அறிவித்தல் இது. தேடித் தருவது ஊர், வழியே போகிற முகம் தெரியாத சனம். அடையாளம் மட்டும் உரியவரிடம், அவர் கட்டிய முடிச்சில். கலிபோர்னியாப் பொறியியலாளர்கள் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்களோ, பையையும் கயிற்றையும் பார்த்து வைக்கச் சொன்ன இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

ஊர் இல்லாத இடத்தில் தகடு ஊமை என்பதும் இதனால்தான். ஆளரவமற்ற வட்டையில் தொலைத்தால் பட்டிக்காரரின் கண்ணே இன்றும் மேல். சன நெருக்கமான கல்முனைக்குடிக்கு இது பொருத்தமான கருவி. 2024இல் கூகிளும் அண்ட்ரொயிட் கைபேசிகளை இப்படித் தேடும் வலையில் சேர்த்தது.

கெட்ட பக்கமும் சொல்ல வேண்டும். திறப்பில் தொங்க வேண்டியதை ஒருவர் ஒரு பெண்ணின் கைப்பைக்குள் அவளறியாமல் போட்டுவிட்டால் அவள் போகுமிடமெல்லாம் தெரியும். பல நாடுகளில் அது நடந்து வழக்கும் ஆனது. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகிளும் சேர்ந்து, அறியாத தகடு உங்களோடு கூடவே வருகிறது என்று இரு வகைக் கைபேசியிலும் எச்சரிக்கும் முறையைக் கொண்டுவந்தன. பொருளுக்கு வைக்கும் குறியை ஆளுக்கு வைக்கத் துணிகிறவன் எந்தக் காலத்திலும் இருக்கிறான். நம் பெண்பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கை என்னவென்று சொல்லிக் கொடுப்பது கடமை.

கைபேசிக் குழுமங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனாலும் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. கண்டெடுத்த அடையாள அட்டையை இருபக்கமும் படம் எடுத்து, பெயர், விலாசம், இலக்கம், முகம் எல்லாம் தெரியப் போடுகிறார்கள். பணப்பையைத் திறந்து பரத்தி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிய ஒரு படம். இனி யார் வந்து கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவார்களே! மோதினார் காத்த வாயை நம் விரல் காக்கவில்லை. அட்டை கிடைத்தால் இலக்கத்தையும் விலாசத்தையும் மறைத்துப் போடுங்கள், இல்லையேல் பொலிஸிலோ பள்ளியிலோ கொடுங்கள். பை கிடைத்தால் எந்த வீதியில் கிடைத்தது என்பது போதும். கைபேசி தொலைந்தால் கேட்கப்படும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றைக்கே *#06# அடித்துப் பார்த்து எழுதி வையுங்கள்; கைபேசியின் தொடையில் சுட்ட குறி அதுதான்.

சென்ற கொடியேற்றத்தில் நடந்ததோடு நிறுத்துகிறேன். தோஹாவில் வேலை செய்யும் மருமகன் ஊருக்கு வந்திருந்தபோது தன் உம்மாவின் திறப்புக் கோர்வையில் ஒரு தகட்டை மாட்டிவிட்டிருந்தான். அவ என் தங்கச்சி. கோர்வையை உம்மம்மாவின் வழியில் நாடாவில் கட்டித்தான் வைப்பாள். கடற்கரைச் சனத்துக்குள் அது எங்கோ விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவடியில் நின்றபோதுதான் தெரிந்தது. மருமகன் கைபேசியில் தேடினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடற்கரைப்பள்ளி வீதிப் பக்கம் ஒரு புள்ளி விழுந்தது. யாரோ ஒருவர் அதனருகே நடந்திருக்கிறார்.

மூவரும் போனோம். அம்புக்குறி ஒரு தேநீர்க் கடைக்குள் காட்டியது. மருமகன் கைபேசியில் தட்ட, காசு மேசையின் லாச்சிக்குள் தகடு கீச்சிட்டது. கடைக்காரர் லாச்சியைத் திறந்து பார்த்தார். கோர்வையைக் கையில் எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"எங்கடதான் காக்கா, பாருங்க கத்துது" என்றான் மருமகன்.

"கத்துறது கத்தட்டும் தம்பி" என்றார் அவர். தங்கச்சியைப் பார்த்தார். "எத்தின திறப்பு ராத்தா?"

"மூணு. ஒண்டுட பல்லு வளைஞ்சிரிக்கும். பச்ச நாடா. முடிச்சு ரெண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு."

அவர் கையை விரித்து, முதலில் முடிச்சைப் பார்த்தார். பிறகு நீட்டினார்.